கடைசி நாளும் சேர்த்தியா?

என் கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தபோது டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். லேபில் எல்லோரும் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். மாமி மட்டும் அந்தக் காகிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, "இருபத்தொண்ணுலேர்ந்து இருபத்தெட்டு வரைக்கும்னு எழுதியிருக்கே. இருபத்தெட்டும் சேர்த்தியா, இல்லே அன்னிக்கு வந்துடுவியா?" என்று கேட்டார். கல்யாணப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? வந்துவிடுவேன் என்றேன். "அப்போ இருபத்தேழு வரைக்கும்னு மாத்தி எழுது" என்று காகிதத்தைத் திருப்பித் தந்தார். மாற்றி எழுதி நீட்டிய பிறகுதான் என் கன்னத்தைத் தட்டி, "நன்னா இரு" என்றார்.

தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவில் இருந்த ரத்தப் பரிசோதனை லேப் அது. நான் கவுண்டரில் இருந்தேன். பேர் எழுதிக்கொள்வது, ரசீது கொடுப்பது, ரிப்போர்ட்டை எடுத்துத் தருவது என் வேலை. எங்கள் வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால். திருநெல்வேலிக்காரரான அப்பாவுக்கு அங்கே இரும்புச் சாமான் கடை. மாமி கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத் தெருவிலிருந்து வருவார். லேபுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதைக் கட்டி மேய்த்தவர் அவர்தான். அதனால் 'சிஸ்டம் மாமி.' டாக்டர் முதல் வாசல் காவல்காரர் வரை, மலையாளிகளும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எல்லோருக்கும் அவர் மாமி. கண்ணாடிக் கதவு போட்ட அவருடைய ஏ.சி. அறைக்குள் போவதென்றால் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஒரு முறை கட்சிக்காரர் ஒருவர் செருப்போடு நுழைந்துவிட்டு, மாமி பார்த்த பார்வையில் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார்.

கெட்டிக்காரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. "இந்த மெஷினுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது" என்பார். இரண்டு தேதிகளுக்கு நடுவில் யார் யார் வந்தார்கள், யாருக்கு என்ன பார்த்தோம் என்று எது கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். "போன மாசப் பட்டியல்" என்று மொட்டையாகக் கேட்டுவிட்டால் போச்சு. எந்த நாளிலிருந்து? எந்த நாள் வரைக்கும்? முதல் நாளும் சேர்த்தியா? கடைசி நாளும் சேர்த்தியா? நாலு கேள்விக்கும் பதில் சொன்னால்தான் விரல் விசைப்பலகைக்குப் போகும்.

அது லேபோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் டெக்னீஷியன் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். நாற்பத்தொரு நாள் விரதம் முடிகிறது, நாளைக்குக் கிளம்புகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். மாமி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "மாலை போட்ட நாளைச் சேர்த்து எண்ணினேளா, விட்டு எண்ணினேளா?" என்று கேட்டார். அவருக்கு வந்ததே கோபம்! "மாமி, ஐயப்பனும் நானும் பேசித் தீத்தோளாம். எடயில நீங்க வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, ஒரு நாள் தள்ளித்தான் கிளம்பினார். நாங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

இரண்டாயிரம் பிறந்தபோது ஊரே புது நூற்றாண்டு என்று குதித்தது. டாக்டர் பெரிய கேக் வாங்கி வந்தார். "நூறு வருஷம்னா நூறாவது வருஷமும் சேர்த்தியாக்கும். இது பழைய நூற்றாண்டோட கடைசி வருஷம். அடுத்த வருஷம் வெட்டுங்கோ" என்று மாமி ஒதுங்கி நின்றார். கேக்கில் முட்டை இருந்தது, அதுதான் நிஜமான காரணம் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிச் சிரித்தோம். அடுத்த வருஷப் பிறப்பன்று, சொன்னால் நம்பமாட்டீர்கள், மாமி முட்டையில்லாத கேக் ஒன்றைத் தன் காசில் வாங்கி வந்து வெட்டினார். எல்லோருக்கும் கொடுத்தார்.

சில சமயம் எரிச்சலாகவும் இருக்கும், பொய் சொல்வானேன். துக்க வீட்டில்கூட அவருக்கு வாய் நிற்காது. ஒரு முறை கேட்டே விட்டேன், ஏன் மாமி எல்லாரையும் இப்படிப் போட்டு வாட்டுகிறீர்கள் என்று. அன்று மட்டும் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். பி.எஸ்.ஸி. கணக்கு முடித்த கையோடு ஒரு சர்க்கார் வேலைக்கு விண்ணப்பம் கொண்டு போயிருக்கிறார். கடைசித் தேதி அன்றைக்குத்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போனால், அன்று சனிக்கிழமை, அரை நாள்தான், ஜன்னலை அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். "தேதியைப் பாத்தேன், மணியைப் பாக்கலை. நாள்னா அதுக்குள்ள மணி இருக்குடி பெண்ணே. எனக்கு அது தெரியாமப் போச்சு" என்றார். அடுத்த நிமிஷமே, "டோக்கன் விளிக்கறா, போ" என்று என்னைக் கவுண்டருக்கு விரட்டினார்.

முட்டையில்லாத கேக் வெட்டிய அந்த வருஷம்தான் லேபுக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது வந்து ஒரு மாசம்கூட ஆகியிருக்காது. ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற கிட் உண்டு, அதை அனுப்புகிறவர்களிடமிருந்து டாக்டருக்கு போன் வந்தது. குறிப்பிட்ட ஒரு பெட்டி கெட்டுப்போனது, அது இல்லாத கிருமியை இருப்பதாகக் காட்டுகிறது, அதில் பார்த்தவர்களையெல்லாம் திரும்ப அழைத்துப் பாருங்கள் என்று. டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கல்ஃபுக்குப் போக ஏஜெண்டுகள் அனுப்புகிறவர்கள். எங்கள் ரிப்போர்ட்டில் கிருமி என்று இருந்தால் அவர்களுடைய ஃபைலைப் பெரும்பாலும் ஏஜெண்ட் அன்றைக்கே மூடிவிடுவார்.

அந்தப் பெட்டியை என்று பிரித்தோம், அடுத்த பெட்டியை என்று பிரித்தோம் என்பது தெரியும். அடுத்த பெட்டி பிரித்தது ஒரு ஹர்த்தாலுக்கு மறுநாள் காலை. ஆகவே ஹர்த்தால் நாள் வரைக்கும் பார்க்க வேண்டும். புது சாஃப்ட்வேரில் இப்படித் தேதி கொடுத்து எடுப்பது அதுதான் முதல் தடவை. மாமி இரண்டு தேதியையும் கொடுத்துப் பட்டியல் எடுத்தார். பிரிண்டரிலிருந்து காகிதம் வந்ததும் நான் டெலிபோனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தேன். மாமி தன் பிரதியில் வழக்கம்போலத் தலைப் பெயரையும் கடைசிப் பெயரையும் பார்த்தார். எந்தப் பட்டியல் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

"கடைசிப் பேர் ஹர்த்தாலுக்கு முதல் நாளோட நிக்கறதே. ஹர்த்தால் அன்னிக்கு ஒருத்தரும் இல்லியோ?"

"ஹர்த்தால் அல்லே மாமி. அன்னு ஆரு வரான்?" என்றார் டாக்டர்.

எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. அன்று பஸ் ஓடவில்லை, கடை ஒன்றும் திறக்கவில்லை. நானும் வரவில்லை, மாமியும் வரவில்லை, டாக்டரும் வரவில்லை. "பூட்டித்தான் மாமி கெடந்திருக்கும்" என்றேன் நானும். யாருமே வராத நாளில் யாருமே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, இதில் என்ன குழப்பம்?

மாமி நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். "ஹர்த்தால் எத்தனை மணி வரைக்கும்?"

கேரளத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. ஆறு அடித்ததும் பகலெல்லாம் அடைந்து கிடந்த ஊர் மொத்தமாக வெளியே வந்து, தெருவோரத் தட்டுக்கடையில் நிற்கும். அன்றாடப் பட்டியலுக்கென்று புது சாஃப்ட்வேரில் ஒரு தனி பட்டன் இருந்தது. மாமி ஹர்த்தால் தேதியைப் போட்டு அதைத் தட்டினார். நாலு பெயர் வந்தது. நாலும் சாயங்காலம் ஆறரைக்கு மேல்.

"என்டே ஈஸ்வரா" என்று டாக்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விசாரித்ததில், லேபுக்குப் பின்னாலேயே தங்கியிருந்த ஒரு டெக்னீஷியன் பையன், ஆறு மணிக்கு மேல் வாசலில் ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டு ஷட்டரைத் தூக்கி ரத்தம் எடுத்து, அந்தப் பெட்டியிலேயே பார்த்து, ரிப்போர்ட்டையும் அவனே கொடுத்திருக்கிறான். அவன் அடுத்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டதால் சொல்ல ஆளில்லை.

அப்படியானால் முதல் பட்டியலில் அந்த நாலு பேர் ஏன் வரவில்லை? அதை மாமி ஒரு கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டார். பழைய புரோகிராமில் தேதி மட்டும்தான் உண்டு. புதியதில் ஒவ்வொரு பெயரோடும் தேதியும் மணியும் சேர்ந்து ஏறியிருக்கிறது. இன்ன தேதி வரைக்கும் என்று வெறும் தேதியைக் கொடுத்தால், அது அந்த நாள் பிறக்கிற நிமிஷத்தோடு, அதாவது முந்தின ராத்திரி பன்னிரண்டு மணியோடு, நிறுத்திக்கொள்கிறது. அந்த நாளில் விடிந்த பிறகு வந்தவர் ஒருவரும் அதன் கணக்கில் வரமாட்டார். "கடைசி நாளும் சேர்த்தின்னு இது வாயால சொல்லும், சேர்க்காது. கள்ளன்!" என்று மானிட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி அதன் மேலேயே ஒட்டினார்: 'கடைசி நாள் வரைக்கும்னு கேட்காதே. அதுக்கு மறுநாள் பிறக்கறதுக்கு முன்னாடி வரைக்கும்னு கேள்.' அதே வேகத்தில் புதிதாகப் பட்டியல் எடுத்துத் தலையையும் கடைசியையும் பார்த்தார். இந்த முறை நாலு பேரும் இருந்தார்கள்.

நாலில் மூன்று பேருக்குக் கிருமி இல்லை என்று வந்திருந்தது. ஒருவருக்கு இருக்கிறது என்று. ஏஜெண்ட் அனுப்பிய திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கொடுத்திருந்த போன் நம்பர் பக்கத்துத் தெரு ஹோட்டலுடையது. கூப்பிட்டால், "பரோட்டா மாஸ்டரா? அவருக்கு ஏதோ சூக்கேடு, நோய்னு கணக்குத் தீத்து விட்டாச்சே" என்று வைத்துவிட்டார்கள். நாங்கள் கொடுத்த ஒரு காகிதத்தால் கல்ஃபும் போய், இருந்த வேலையும் போயிருக்கிறது. மாமி எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். "நீயும் வா. எனக்குத் திருநெல்வேலித் தமிழ் வராது" என்றார்.

ஹோட்டல் வாசலில் இலை எடுக்கிறவர்தான் ரகசியமாகச் சொன்னார், கோவளம் போகிற ரோட்டில் ஒரு கட்டடத்தில் சித்தாள் வேலை பார்க்கிறார் என்று. ஆட்டோ பிடித்துப் போனோம். சிமெண்ட் சட்டியோடு இறங்கி வந்த மாஸ்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எங்களிடம் வந்ததும் சட்டியை வைத்துவிட்டு, நாலடி தள்ளியே நின்றார். அந்தச் சில வாரங்களில் அவருக்கு அது பழகிவிட்டிருந்தது.

"நோய்னுதான் சொல்லியாச்சுல்லா. இன்னும் என்னத்துக்குக்கா ரத்தம் கேக்கிய?" என்றார் என்னிடம். "எனக்கு லீவுன்னு ஒண்ணு கெடைக்கதே ஹர்த்தால் அன்னைக்குத்தான். பகல் பூராவும் ஒங்க வாசல்லயே உக்காந்து கெடந்து, ஆறு மணிக்கு மேல குடுத்துட்டுப் போனேன். ஊருக்குக்கூட இன்னும் சொல்லல. வெளிநாடு போறேன்னு நெனச்சிக்கிட்டிருக்காவ."

கிட் தப்பு, உங்கள் மேல் தப்பில்லை என்று நான் சொல்லச் சொல்ல, அவர் நம்பினாரா இல்லையா என்றே தெரியவில்லை. மாமி இடையில் புகுந்தார். "விசா கைவிட்டுப் போயாச்சோ? ஏஜெண்ட் என்ன சொன்னார், அப்படியே சொல்லும்."

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கேன், சொகமாயிட்டா வா, இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னாரும்மா. அதான் இன்னையோட முடிஞ்சுதே."

"முடியலை. இன்னிக்கும் சேர்த்திதான்" என்றார் மாமி. "பாஸ்போர்ட்டை எடுத்துண்டு ஏறும் ஆட்டோல."

லேபில் டாக்டரே நின்று ரத்தம் எடுத்தார். புதுப் பெட்டி. ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தார். கிருமி இல்லை. மாஸ்டர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல், "நீங்களே வாசிங்கக்கா" என்றார். வாசித்தேன். "இன்னொரு மட்டம் வாசிங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுபடி வாசித்தேன். மாமி, "அழறதுக்கெல்லாம் அப்பறம் நேரம் உண்டு, நட" என்று இருவரையும் தள்ளிக்கொண்டு போனார்.

ஏஜெண்டின் ஆபீஸ் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. அவர் வேறொரு பாஸ்போர்ட்டை மேசையில் வைத்துக்கொண்டு யாருக்கோ போன் பண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் மாஸ்டர் படியிலேயே நின்றுவிட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்ததை நான் நீட்டினேன். ஏஜெண்ட் படித்தார். "சரியாக்கும், பாவம்தான். பக்ஷே மாசக் கடைசி வரைக்கும்னு நான் சொன்னேனில்லே? இப்ப வேற ஆளு ரெடியாயி."

"இன்னிக்கு என்ன தேதி?" என்றார் மாமி.

"முப்பத்தொண்ணு."

"அப்போ மாசம் கழிஞ்சுடுத்தோ?"

"இல்ல... சாயங்காலம் ஆயாச்சில்லே மாமி."

"உங்க ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும்?"

"ஆறு."

மாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஆகப் போகிறது. எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வரைக்கும்னு சொன்னது நீங்க. கடைசி நாளும் சேர்த்திதான். உங்க கடைசி நாள் ஆறு மணிக்கு முடியும். இன்னும் முடியலை. ஆறு வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்" என்றார். சத்தம் போடவில்லை, கெஞ்சவில்லை. ஏஜெண்ட் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, மாமி அப்படித்தான் என்பதுபோல நின்றேன். ஏஜெண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையிலிருந்த பாஸ்போர்ட்டை டிராயருக்குள் போட்டு, "மத்தவனுக்கு அடுத்தது வரும்போ கொடுக்காம்" என்று மாஸ்டரைப் பார்த்துக் கையை நீட்டினார். "எவிடே, நின்டே பாஸ்போர்ட் எடு." மாமி அத்தோடு விடவில்லை. "அந்த அடுத்தது எந்த மாசத்துக்குள்ளே?" என்று அந்த முகம் தெரியாத ஆளுக்காகவும் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

படியிறங்கும்போது எனக்கு இருந்த பெருமையை எப்படிச் சொல்ல! இந்த மாமியோடு வேலை பார்க்கிறேன் என்று தம்பானூர் ரோட்டில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லலாம் போல இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எப்போது ஹர்த்தால் வந்தாலும் ஆறு மணிக்கு எங்கள் லேப் திறந்தது. டாக்டர் உத்தரவு ஒன்றும் போடவில்லை. மாமி போட்டார். கோட்டையிலிருந்து அவர் நடந்து வருவார், சாலைக் கடைத்தெருவிலிருந்து நான். அந்த வரிசையில் முதலில் எரிகிற விளக்கு எங்களுடையதாகத்தான் இருக்கும். புலம்பிக்கொண்டேதான் போவேன், ஆனால் ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து அப்படி ஒரு ஹர்த்தால் சாயங்காலம். ஷட்டரைத் தூக்கினால் வாசலில் பெரிய பையோடு ஒருவர் நிற்கிறார். சதை போட்டு, நிறம் ஏறியிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. "என்னக்கா, மறந்துட்டியளா?" என்ற பிறகுதான் தெரிந்தது. காலையில் விமானத்தில் வந்து இறங்கி, எப்படியோ தம்பானூர் வரை வந்துவிட்டு, நாகர்கோயில் பஸ்ஸுக்காகப் பகலெல்லாம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்திருக்கிறார். "ஆறு மணிக்கு ஒங்க லேப் தொறக்கான்னு பாத்துட்டுப் போலாம்னுதான் முதல் பஸ்ஸை விட்டுட்டேன்" என்றார்.

இப்போது நாலடி தள்ளி நிற்கவில்லை. உள்ளே வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, மாமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். மாமி கண்ணாடியை ஏற்றி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"நீங்க கேக்காண்டாம்மா, நானே சொல்லிருதேன். லீவு அடுத்த மாசம் பத்தாம் தேதி வரைக்கும். பத்தும் சேத்திதான். மொதலாளிட்ட கேட்டு எழுதியே வாங்கிட்டேன்."

நான் கைதட்டிவிட்டேன். டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மாமியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், அதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். பிறகு கேட்டார்:

"சரி. பத்தாம் தேதி எத்தனை மணி வரைக்கும்?"

மாஸ்டர் பையைக் கீழே வைத்துவிட்டு, அதற்குள் டிக்கெட்டைத் தேட ஆரம்பித்தார்.